தென்பாதி மழை

மேற்கே வானம் இருண்டு வந்தால் ஊரார்க்கு உள்ளம் குளிரும். கோவிந்தம்மாவுக்கு வயிறு எரியத் தொடங்கும். வல்லம் வடகாலின் ஆலைக் கூரைகளுக்கு மேலே கருமுகில் கவிந்து, முதல் துளி மண்ணில் விழுந்து மணம் எழுப்பும் வேளையில், கொடியில் காயும் துணியை அள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவள் மாடிக்கு ஏறுவாள். துணியை அள்ளித் தோளில் போட்ட பின்னும் இறங்க மாட்டாள். நனைந்தபடியே நின்று காது கொடுப்பாள். தன் தலைமேல் பெய்த மழை, தன் தளத்தில் விழுந்து, தன் கணுக்காலைத் தழுவிக்கொண்டு வடக்கே சாய்ந்தோடி, சுவருக்கு அப்பால் ஓரகத்தி சரோஜாவின் தொட்டிக்குள் கொடகொடவென்று இறங்கும் ஓசை கேட்கும். முருகன் பெயரன்றி வேறு அறியாத நாவென்று தெருவே போற்றும் அந்த நாவில் அப்போது எழும் சொற்கள் எழுதத் தக்கவை அல்ல.

வீடு மாமனார் கட்டியது, கிழக்குப் பார்த்தது. அவர் மறைந்த பின் பிள்ளைகள் இருவரும் நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தென்னைகள் ஆளுக்கொன்று. அம்மி மூத்தவனுக்கு, ஆட்டுக்கல் இளையவனுக்கு. வீட்டில் எந்தப் பாதி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது மூத்தவன் இராமச்சந்திரன் வாய் திறக்கவில்லை. அவன் மனைவி கோவிந்தம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். "மூத்தது நாங்க. கன்னி மூல எங்களுக்குத்தான். மொறன்னு ஒண்ணு கீதுல்ல?" என்றாள். தென்மேற்கு மூலை மூத்தவனைச் சேர வேண்டும் என்பது ஊர் மரபு. ஆகவே தென்பாதி அவளுக்காயிற்று. இளையவள் சரோஜா மறுபேச்சில்லாமல் வடபாதியை ஏற்றுக்கொண்டாள்.

அந்த மரபைப் போலவே இன்னொரு மரபும் உண்டு. தளம் போட்ட கொத்தனார் அதை வழுவாமல் கைக்கொண்டிருந்தார். மாடியில் விழும் நீரெல்லாம் ஈசானிய மூலையை நோக்கி ஓட வேண்டும் என்று சரிவு வைத்து, வடகிழக்கில் ஒரே ஒரு குழாய் இறக்கியிருந்தார். மண்ணைப் பிரித்தார்கள், மரத்தைப் பிரித்தார்கள், கல்லைக்கூடப் பிரித்தார்கள். வானத்திலிருந்து வருவதைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, சரோஜாவின் கணவன் டில்லிபாபு வடபாதி மாடியில் தகரக் கூரை போட்டு அறைகள் எடுத்துத் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டான். அந்தத் தகரத்து நீர் வீட்டின் பின்னே சாக்கடைக்குப் போய்விடும். அறைகளுக்கு முன்னால் விட்டிருந்த நடை வழியாகத் தென்பாதி நீர் மட்டும் ஈசானியக் குழாய்க்குப் போய்ச் சேரும். ஆக, அந்தக் குழாயில் இறங்கியது முழுக்க முழுக்கக் கோவிந்தம்மாவின் மழை.

இத்தனை ஆண்டுகளாக அது தெருவில் ஓடி வீணாயிற்று. அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. போன கோடையில்தான் டில்லிபாபு அந்தத் தொட்டியைக் கொண்டுவந்தான். ஒரகடம் பக்கம் பழச்சாறு அடைக்கும் ஆலையொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் அவன். சர்க்கரைப் பாகு நிரப்பி வரும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் அங்கே காலியானதும் குவிந்து கிடக்கும். இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்த வெள்ளை உடல். அடியில் திருகு குழாய். ஆள் பக்கத்தில் நின்றால் நெஞ்சளவு வரும் உயரம். அப்படியொன்றைச் சின்ன யானை என்னும் குட்டிச் சரக்கு வண்டியில் ஏற்றி வந்து, ஈசானியக் குழாயின் கீழே கல் அடுக்கி நிறுத்தினான். பாகின் வாடைக்கு எறும்புகள் சாரை சாரையாக வந்தபோது கோவிந்தம்மாவுக்குச் சற்றே ஆறுதல் பிறந்தது. எறும்பேறி ஓரகத்தியின் செடிகள் பாழாகும் என்று காத்திருந்தாள். சரோஜாவோ திரும்பத் திரும்பக் கழுவி ஊற்றினாள். எறும்புகள் போய்விட்டன. பிறகு யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ வைத்த ஃபிளெக்ஸ் பேனரைக் கறுப்பு முதுகு வெளியே தெரியும்படி தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். அவ்வளவுதான். அடுத்த மழையிலிருந்து அவள் தோட்டத்துக்கு விடிவு பிறந்தது.

தோட்டத்துக்கு விடிவு என்றால் கோவிந்தம்மா ஏன் கருக வேண்டும்? அதற்குக் காரணம் உண்டு. அது கடவுளோடு பட்ட காரணம்.

ஆடிக் கிருத்திகை அன்று அந்தத் தெருவிலிருந்து வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு பூக்காவடி போகும். காவடியின் முகப்பில் தொங்கும் மாலை மட்டும் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. வீட்டு மண்ணில் வளர்ந்து, வீட்டுப் பெண் கையால் பறித்துத் தொடுத்த செந்நிற வெட்சி மாலையாக இருக்க வேண்டும். இட்லிப்பூ என்று ஊரார் சொல்லும் அந்த வெட்சி, செவ்வேளுக்கு உரிய பூ. அந்த முகப்பு மாலையைத் தருவது இவர்கள் குடும்பத்தின் உரிமை. கோவிந்தம்மா மருமகளாகக் காலெடுத்து வைத்த ஆண்டிலிருந்து அது அவள் கையால்தான் போயிற்று. பெற்று வளர்க்கப் பிள்ளை இல்லாத அவளுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் காவடி தன் வாசலில் நின்று மாலை வாங்கிக்கொண்டு நகரும் அந்த ஒரு கணமே பெற்றதும் பெறுவதுமாக இருந்தது.

வெட்சிக்கு உப்பு ஆகாது. சுற்றிலும் ஆலைகள் எழுந்து, நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போன பின் போர்த் தண்ணீர் உப்புக் கரித்தது. கோவிந்தம்மாவின் வெட்சிப் புதர்கள் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய, பனியில் நடுங்கும் கிழவர்களைப் போல் நின்றன. சுவருக்கு அப்பால் சரோஜாவின் வெட்சிகள், மழைநீர் குடித்துக் குடித்து, கண்ணைப் பறிக்கும் பசுமையில் தழைத்து, கொத்துக் கொத்தாகச் சிவந்து சிரித்தன. அந்தச் சிவப்பு ஒவ்வொரு நாள் காலையிலும் கோவிந்தம்மாவின் கண்ணில் மிளகாயாய் விழுந்தது.

ஆனி மாதம் பாதி கழிந்தபோது கண்ணப்பன் பூப் பார்க்க வந்தார். தெருக் காவடியை முன்னின்று நடத்துபவர் அவர். கணீரென்ற குரலில் முருகன் மேல் பாடுபவர். வாசலில் நின்று புதர்களைப் பார்த்தார். ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை சுவரைத் தாண்டிப் போனதை அவள் கண்டாள்.

"இன்னா மாமா, எங்க பாக்கறீங்க? செடி இங்க கீது."

"பாத்துக்கினுதாம்மா கீறேன். இத வச்சிக்கினு மால கட்டினா முருகனுக்கு மோதரம்தான் போட முடியும்."

"ஆடிக்குள்ள துளுத்துடும்."

"துளுத்தா நல்லதும்மா. இல்லன்னா இன்னா, சின்னவ வூட்டுல பூக் கொட்டிக் கெடக்குது. அதுவும் இந்தக் குடும்பந்தானே. யார் கையா இருந்தா அவனுக்கு இன்னா?"

அவனுக்கு ஒன்றுமில்லை என்பது கோவிந்தம்மாவுக்கும் தெரியும். அவளுக்குத்தான் எல்லாம். கண்ணப்பன் போன பின் பூசை மாடத்தின் முன் நின்று, வள்ளியும் தெய்வானையும் இருபுறமும் விளங்க நிற்கும் முருகன் படத்தை நோக்கி வாய்விட்டே கேட்டாள்: "ரெண்டு பேர வச்சிக் காலந் தள்றவன் நீ. ஒருத்தி பக்கம் பெய்யறத இன்னொருத்தி தொட்டியில ஊத்தறது எந்த ஊரு ஞாயம்?"

உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த இராமச்சந்திரன் சிரித்தான். ஆலையொன்றின் வாசற்காவலில் நாளெல்லாம் நின்று பழகியவன், எதற்கும் அவசரப்படாதவன். "அவனே அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் மலமேல போய் நின்னான். வல்லக்கோட்டையில மலையும் கெடையாது. பாவம், அவன வுடு," என்றான்.

மறுநாள் சரோஜா சுவரின் மேல் தலை நீட்டினாள். இளையவள் என்றாலும் அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. கையில் பச்சை நிறத்து ஓஸ் பைப் ஒன்று சுருண்டிருந்தது.

"அக்கா, தொட்டி தளும்பிக்கினு கீது. பைப்ப இப்டி வுடறேன், உங்க செடிக்கும் காட்டுங்க. அதுவும் உங்க மாடித் தண்ணிதானே."

கடைசியாகச் சொன்ன அந்தச் சொல்தான் தைத்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்தே வாங்கிக்கொள்கிறாள், வாங்கியதைத் தெரிந்தே தானமாய்த் தருகிறாள். சொந்த மழையைப் பிச்சையாய் வாங்கச் சொல்கிறாள். கோவிந்தம்மா முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொன்னாள்:

"எனுக்கு இன்னா கொற சரோஜா? போர்ல தண்ணி வருது. உன் செடிக்கு ஊத்து. இன்னும் செவக்கட்டும்."

"உப்புத் தண்ணி இட்லிப்பூவுக்கு ஆவாதுக்கா."

"எங்க வூட்டுச் செடி உப்பு போட்டுத் தின்னே வளந்தது."

சரோஜாவின் தலை மெல்ல இறங்கியது.

அந்த வாரமே பழைய இரும்புக் கடையிலிருந்து அதே வகைத் தொட்டி ஒன்று கோவிந்தம்மாவின் முற்றத்துக்கு வந்து, நடுச்சுவரை ஒட்டி நின்றது. சுடலை என்னும் கொத்தனாரும் வந்தான். ஆலைக் கட்டட வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அவனை மாடிக்கு அழைத்துப் போய், கன்னி மூலையைக் காட்டி, "இங்க ஓட்ட போட்டுத் தண்ணிய எறக்கு," என்றாள்.

சுடலை தளத்தைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். "யக்கா, தண்ணி மேட்டுல ஏறாது. பள்ளத்தத் தேடித்தான் போவும். அதுவுமில்லாம கன்னி மூலையில யாரும் தண்ணிய வெளிய விடமாட்டாவ. பொறவு வீட்டுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா என்னையத்தான் ஏசுவிய."

"அப்ப எங்கதான் மறிக்கிறது?"

"அந்தா, அந்த ரூமுக்கு முன்ன நட தொடங்குதுல்லா, அந்த வாசல்ல கரை எழுப்பிருவோம். கரைக்கு இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவத்துல துளை போட்டா, நேரா உங்க தொட்டி. ஆனா பொறவு அந்தப் பக்கத்துக்கு ஒரு சொட்டு போவாது பாத்துக்கோங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் கோவிந்தம்மா.

செங்கல் அடுக்கிச் சிமெண்டு பூசிய சாண் உயரக் கரை நடை வாசலில் எழுந்தது. வேலை நடக்கும்போது டில்லிபாபு ஷிப்ட் முடித்து வந்தான். மாடிப்படியில் நின்று பார்த்தான். "இன்னா அண்ணி, ஏரி கட்றீங்களா? செம்பரம்பாக்கத்துக்குப் போட்டியா?" என்று சிரித்தானே ஒழிய சண்டைக்கு வரவில்லை. தகரக் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு தகரக் கால்வாய் அடித்தால் போதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று கீழே சரோஜாவிடம் அவன் சொன்னது கோவிந்தம்மாவின் காதில் விழுந்தது. ஆனால் ஞாயிறுதோறும் அவனுக்கு ஓ.டி. என்று ஆலையில் கூடுதல் வேலை வந்தது. கால்வாய் வரவில்லை.

மழை வந்தது. இம்முறை நீர் இரைந்து இறங்கியது அவள் தொட்டியில். வெள்ளைத் தொட்டிக்குள் நீர் ஏற ஏற, பால் நிற உடலில் அதன் மட்டம் நிழல்போல் தெரிந்தது. சுவருக்கு அப்பால் ஈசானியக் குழாய் ஊமையாய் நின்றது. அன்று மாலை கோவிந்தம்மா விளக்கேற்றியபோது அவள் குரலில் இருந்த இனிமையை இராமச்சந்திரன்கூடக் கவனித்தான்.

"தொட்டியச் சுத்திக் கறுப்பா ஏதாவது கட்டு. சரோஜா கட்டிக் கீறா பாரு," என்றான்.

"ஏன் கட்டணும்?"

"எனக்கு இன்னா தெரியும்? காரணமில்லாமயா கட்டியிருப்பா."

"அவ கட்டினா நான் கட்டணுமா? அவளப் பாத்து நான் ஒண்ணும் கத்துக்க வாணாம்."

அது வெளிக்குச் சொன்ன காரணம். மனத்தின் அடியில் கிடந்த காரணம் வேறு. தொட்டியை மூடிவிட்டால் உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று சுவருக்கு அப்பால் இருந்து எப்படித் தெரியும்? சரோஜா நாள்தோறும் காலையில் வெளியே வந்து, சுவரின் மேல் எட்டி, அந்த மட்டத்தைக் காண வேண்டும். தான் கண்டு கண்டு வெந்ததுபோல் அவளும் காண வேண்டும். அதற்காகவே தொட்டி மறைவில்லாமல் வெயிலில் நின்றது.

சில நாள் எல்லாம் நன்றாய் நடந்தது. மழைநீர் பட்டதும் கோவிந்தம்மாவின் வெட்சிகள் உயிர்த்தன. மஞ்சள் இலைகளுக்கு நடுவே வெண்கலப் பளபளப்பில் கொழுந்து விட்டன. கொழுந்து நுனியில் ஊசி முனையளவு மொட்டுக் கொத்துகள் தோன்றின. அவள் ஒவ்வொரு கொத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துக் கும்பிட்டாள். சுவருக்கு அப்பால் சரோஜாவின் தொட்டி வற்றிக்கொண்டு வந்தது. அவள் அடித்தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பிடித்து ஊற்றும் கலகலப்பு கேட்டது. அதுவும் இனித்தது.

ஆடி பிறந்தது, மழை நின்றது. வெயில் வெள்ளைத் தொட்டியை ஊடுருவிச் சென்று நீருக்குள் குடியிருந்தது. நீர் முதலில் இளம்பச்சையாயிற்று, பிறகு கிளிப்பச்சை, பிறகு பாசி திரண்டு, திருகு குழாயில் சளிபோல் இழைந்து வந்தது. ஒருநாள் காலையில் மேலறையில் குடியிருக்கும் மணிகண்டபிரபு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் படியிறங்கும்போது சுவரின்மேல் எட்டிப் பார்த்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பையன்; வாய்த்துடுக்கு உடையவன்.

"என்ன அத்தை, இம்புட்டுப் பெரிய பாத்திரத்துல பச்சைப்பயறு ஊறப் போட்டிருக்கீக? ஊருக்கே சுண்டலா?"

சுவருக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். அடக்க முயன்று அடங்காமல் வந்த சிரிப்பு. சரோஜாவின் சிரிப்பு. இந்த வீட்டுக்கு அவள் மருமகளாய் வந்த நாளிலிருந்து கேட்ட சிரிப்புத்தான். அதில் நஞ்சு இருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டவளின் செவியில் நஞ்சு இருந்தது.

அன்று நண்பகலில், தெரு உறங்கும் நேரத்தில், அவள் திருகு குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். பச்சை நீர் முற்றத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, தெருவோரச் சாக்கடையில் இறங்கியது. தொட்டி காலியாகும்வரை அருகிலேயே நின்றாள். இனி யாரும் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்பது மட்டுமே அப்போது அவள் நினைவில் இருந்தது.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பிய இராமச்சந்திரன் காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். "ஏன் ஊத்திட்ட?"

"கெட்டுப் போச்சி."

"பாசி புடிச்சா செடிக்கு இன்னா? கோயில் கொளத்துத் தண்ணி பச்சையா இல்ல? அதுல தாமர பூக்கல?"

கோவிந்தம்மா அவனையே பார்த்தாள். "இத முன்னியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட?" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

வானம் வெளுத்தே கிடந்தது. வேறு வழியின்றி அவள் மீண்டும் போர்த் தண்ணீரைப் பாய்ச்சினாள். அன்றாடம் ஒரு கொத்து மொட்டு நுனி கருகி உதிர்ந்தது. சுவருக்கு அப்பாலும் செழிப்பு இல்லை. சரோஜாவின் புதர்கள் நிறைய மொட்டு வைத்திருந்தன. ஆனால் தொட்டி வற்றி நாளாகிவிட்டது. இலைகள் வாடித் தொங்கின. மொட்டுகள் விரியாமல் அப்படியே நின்றன.

கிருத்திகைக்குச் சில நாளே இருக்கையில் கண்ணப்பன் மறுபடி வந்தார். இம்முறை இரண்டு முற்றங்களையும் பார்த்தார். நடுச்சுவர் முடியும் இடத்தில் தெருவில் நின்றுகொண்டு, இருவருக்கும் கேட்கப் பேசினார்.

"உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நான் வரல. ஆனா மொகப்பு மால இல்லாம காவடி எடுக்க முடியாது. கடப் பூவும் வாங்கக் கூடாது. கெழக்குத் தெருவுல சந்திரம்மாள் வூட்டுல பூ கீதாம். கேட்டேன், தரேன்னா. இந்த வருசம் அங்கருந்து எடுத்துக்கலாம்னு கீறேன். அப்பறம் மொறைய அவங்களுக்கே மாத்தி வுட்டுட்டாலும் தப்பில்ல."

சரோஜா கையைப் பிசைந்தாள். "இன்னும் ரெண்டு மூணு நாளு பொறுங்க மாமா. மொக்கு நெறய கீது. ஒரு மழ பேஞ்சாப் போதும், பூத்துடும்."

"பேஞ்சா சரி," என்றார் அவர், வானத்தைப் பார்க்காமலே.

இத்தனை நாளும் தன் நெஞ்சில் எரிந்தது கோவிந்தம்மாவுக்குச் சின்ன அடுப்பாகவே இப்போது தெரிந்தது. சந்திரம்மாள் வாசலில் காவடி நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தச் சந்திரம்மாள் ஒரு பூசைக்கும் வராதவள். வந்தாலும் சுண்டல் வாங்கும்போது வருகிறவள். அவள் பறித்த பூ செவ்வேளின் மார்பில் கிடக்கும். அடுத்த ஆண்டும் கிடக்கும். இந்த வீட்டின் வாசலைக் காவடி நிற்காமலே கடந்துபோகும்.

மறுநாள் மாலை மேற்கே இருண்டது. காற்று ஆலைப் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே மழை வந்தது. கோவிந்தம்மா மாடியில் நின்றாள். தளமெங்கும் நீர் விழுந்து, சுடலை கட்டிய கரைக்கு எதிரே தேங்கி, துளை வழியாகக் கீழே தன் காலித் தொட்டியில் அறைந்து விழுந்தது. நல்ல மழை. விடிவதற்குள் தொட்டி நிறைந்துவிடும். நிறைந்து என்ன? தன் வெட்சிகளில் இனி மொட்டு இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் குனிந்து பார்த்தாள். சரோஜா கொட்டும் மழையில் முற்றத்தில் நின்று, வறண்ட ஈசானியக் குழாயின் வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மழையில் செடி நனையும். நாளைக்கும் மறுநாளைக்கும் வேரில் ஊற்ற அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. பெய்வது நின்றால் மொட்டும் நின்றுவிடும்.

சுவருக்கு மேல் பைப்பை நீட்டி, இந்தா எடுத்துக்கொள் என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் சரோஜா நன்றி சொல்வாள். கண் கலங்கி, அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அதைத் தாங்கும் வலிமை கோவிந்தம்மாவிடம் இல்லை.

அவள் கீழே இறங்கிப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏறினாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தன் தொட்டிக்குப் போகும் துளையில் திணித்தாள். பிறகு கரையின் மேல் ஓங்கிப் போட்டாள். "தெரியாமத்தான் கேக்கறேன், நீ எங்கூட வெளயாடறியா?" என்றாள், மழையை நோக்கியோ மயிலூர்வோனை நோக்கியோ. மறுபடி ஓங்கினாள். "அவளுக்குத்தான் குடுப்பியா? குடு. எல்லாத்தையும் அவளுக்கே குடு." சிமெண்டு விரிந்தது. ஒரு செங்கல் பெயர்ந்தது; அடுத்ததும் பெயர்ந்தது. தேங்கி நின்ற நீர் வாய்க்கால் உடைந்ததுபோல் நடையில் பாய்ந்தது. மேலறைக் கதவுகளைத் திறந்து எட்டிப் பார்த்த பையன்கள் அவள் முகத்தைக் கண்டு மெல்லச் சாத்திக்கொண்டார்கள்.

கீழே ஈசானியக் குழாய் இரைந்தது. சரோஜா மேலே பார்த்தாள். அங்கே ஓரகத்தி, தலைமுடி கலைந்து முகத்தில் ஒட்ட, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் சரோஜா.

"இன்னா பாத்துக்கினு கீற? மூடியத் தொற. தண்ணி வெளிய போவுது."

சரோஜா ஓடிப்போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

கிருத்திகை விடிந்தபோது வடபாதி முற்றம் சிவந்திருந்தது. சரோஜா தொடுத்த மாலை முழம் முழமாக நீண்டு கிடந்தது. அதைத் தாம்பாளத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு தென்பாதி வாசலில் வந்து நின்றாள். "பெரியவங்க நீங்க. எப்பவும் போல நீங்களே எடுத்துக் காவடிக்குக் குடுங்கக்கா," என்றாள்.

கோவிந்தம்மா மாலையைப் பார்த்தாள். எங்கேனும் ஒரு வாடிய பூ, ஒரு தளர்ந்த முடிச்சு இருக்குமா என்று கண் அலைந்தது. இல்லை.

"உன் கை கட்டினது. நீயே குடு. அடுத்தவ பூவ எம் பூன்னு சொல்லி முருகனுக்குப் போட நான் இன்னா நாடகமா ஆடறேன்?"

அவ்வாறே நடந்தது. காவடி முதன்முறையாகச் சரோஜாவின் வாசலில் நின்றது. கண்ணப்பன் சின்ன மருமகளின் பெயரைச் சொல்லி மாலையை வாங்கி முகப்பில் கட்டினார். அரோகரா முழக்கம் எழுந்தது. கோவிந்தம்மாவும் கை கூப்பி முழங்கினாள். அவள் குரல் மற்றவர்களுடையதைவிடச் சற்று உரக்கவே ஒலித்தது. நெஞ்சுக்குள் அலறுவதை அமுக்க வேறு வழி இல்லை. ஆலை வாசல்களையும், ஷிப்டு முடிந்து வரும் பேருந்துகளையும் கடந்து காவடி ஆடியசைந்து போனது. வழியெல்லாம் அவள் அந்த மாலைக்குப் பின்னாலேயே, அதைவிட்டுக் கண்ணெடுக்காமல் நடந்தாள்.

வல்லக்கோட்டையில் நெரிசலில் நசுங்கி முன்னே போய்ச் சேர்ந்தபோது, ஆளுயரத்துக்கும் மேலாக நெடிதோங்கி நிற்கும் முருகன் மார்பில் வெட்சி மாலை விழுந்தது. சரோஜா கண்ணீர் பெருக நின்றாள். கோவிந்தம்மாவுக்குக் கண்ணீர் வரவில்லை. சிவந்த மாலைக்கு நடுவே அருள் ததும்பும் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து, மனத்துக்குள் தெளிவாகச் சொன்னாள்: பூ அவளுது. அது எனக்குத் தெரியும். தண்ணி என்னுது. அத நீ மறந்துடாத.

வெளியே வந்து நிழலில் நின்றபோது சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாக்கா வேண்டிக்கினீங்க? ரொம்ப நேரம் நின்னீங்களே."

"மழ பெய்யணும்னு."

"எந்தப் பாதிக்கு?"

கோவிந்தம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு அடங்கியும் அடங்காமலும் இருந்தது.

"போடி," என்று சொல்லிவிட்டுப் பிரசாத வரிசையை நோக்கி நடந்தாள். சரோஜாவுக்கு முன்னால் போய் நின்றுகொள்ள வேண்டும் என்று சற்று வேகமாகவே நடந்தாள்.